பிள்ளையார் கோயிலுக்கு நான் அனுப்பிய எலிகள்

எலியின் வாலுக்கு நெயில் பாலிஷ் பூசிய பெண் இந்தப் பினாங்குத் தீவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சமையலறைத் தரையில் கம்பிக்கூண்டு. அதற்குள் சுட்ட கருவாட்டுத் துண்டுக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்ட எலி. அதன் வால் மட்டும் கம்பி இடுக்கு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ராஜு கூண்டின் மேல் பழைய துண்டைப் போட்டு அசையாமல் பிடித்துக்கொண்டார். மகள் கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமிருந்த சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, வால் நுனியில் ஒரு விரல் நீளத்துக்குப் பூசினேன். காய்ந்ததும் இன்னொரு தடவை பூசினேன்.

"அப்படியே மருதாணியும் வச்சு விட்டுருலா, சரோஜா. கல்யாணக் களை வந்திரும்."

"வாய மூடிக்கிட்டுப் பிடிங்க."

இத்தனை பாடும் ஒரு சண்டையைத் தீர்க்கத்தான். சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட் மூன்றாவது மாடியில் இருக்கிறது. குழாயைப் பிடித்து ஏறி வரும் எலிகளுக்கு மூன்றாவது மாடி ஒரு உயரமே இல்லை. எங்கள் வீட்டில் எலிக்கு மருந்து வைப்பதில்லை. பிள்ளையாரின் வாகனத்தைக் கொன்ற பாவம் எதற்கு? கூண்டில் பிடிப்போம். ராஜு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் ஆற்றோரம் விட்டுவிட்டு வருவார். நாலு நாளில் மறுபடியும் கூண்டில் எலி இருக்கும்.

அதே எலிதான் திரும்பி வருகிறது என்பது என் கட்சி. இது வேறு எலி என்பது அவர் கட்சி. "எல்லா எலிக்கும் ஒரே மூஞ்சி. நீ எப்படிக் கண்டுபிடிச்ச?" என்பார். அதற்குத்தான் நெயில் பாலிஷ்.

எங்கே விடுவது என்ற யோசனையும் என்னுடையதுதான். "ஆத்தோரமெல்லாம் வேணாம். பிள்ளையார் வண்டியப் பிள்ளையார்கிட்டயே கொண்டு போய் விட்டுருங்க" என்றேன். பிளாட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் பின்பக்கச் சுவரோரம் அவர் கூண்டைத் திறந்துவிட்டார். சிவப்பு வால் குடுகுடுவென்று ஓடி மறைந்தது. அடுத்து எங்கள் கூண்டில் விழுந்த எலியின் வாலில் சாயம் இல்லை. நான் தோற்றேன், ஆனால் சந்தோஷமாகத் தோற்றேன். அதன் பிறகு பிடித்த எலிகளையெல்லாம் கோயிலுக்கே அனுப்பினோம். அங்கே அவற்றுக்கு ஒரு குறையும் இருக்காது என்று பேசிக்கொண்டோம்.

உண்மையிலேயே ஒரு குறையும் இருக்கவில்லை.

எலித் தீவில் வீட்டு விலை

இந்தத் தொடரில் தொழிற்சாலைக் கதைகளையே எழுதுகிறேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். நியாயம்தான். இந்த வாரம் எலியைப் பற்றித்தான்.

தமிழில் எலிக்கு எத்தனை பெயர்! சின்னதாக இருந்தால் சுண்டெலி. மூக்கு நீண்டு கீச்கீச்சென்று கத்தினால் மூஞ்சூறு. பிள்ளையாரைச் சுமப்பது அதுதான். நாய்க்கே பயம் காட்டும் அளவுக்குப் பெருத்துவிட்டால் பெருச்சாளி. என் அப்பா என்னைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது செல்லப் பெயர். அதே அப்பா தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியைப் பெருச்சாளி என்பார். அப்போது அவர் முகத்தில் செல்லம் எதுவும் இருக்காது. ஊர்ச் சொத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் மனிதனுக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. எலி அப்படி என்ன பெரிதாகத் திருடிவிட்டது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் உண்டு.

மலாய்க்காரர்களுக்கு எலி தீக்குஸ். பெரிய ரோட்டில் நெரிசல் என்றால் வீட்டுச் சந்துகளுக்குள் புகுந்து போகும் குறுக்கு வழிக்கு ஜாலான் தீக்குஸ், அதாவது எலிப்பாதை என்று பெயர். ராஜுவுக்கு ஆயர் ஈத்தாம் வரைக்கும் எலிப்பாதை தெரியும். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். சீனர்களுக்கோ எலி ஆண்டில் பிறந்தால் கெட்டிக்காரர் என்று அர்த்தம். என்னோடு வேலை செய்த ஒரு சீனத் தோழி, தான் எலி ஆண்டுக்காரி என்பதை முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொன்னாள்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை, இந்தத் தீவின் வசதியான இடங்களில் ஒன்றுக்கு புலாவ் தீக்குஸ் என்று பெயர். எலித் தீவு! அங்கே வீடு வாங்க நம்மால் முடியாது. "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று சொல்லித்தான் நாங்கள் இந்த பிளாட்டை வாங்கினோம். அசல் எலித் தீவில் வளை வாங்க இந்த எலிக்கு வசதி போதவில்லை.

பெயரைச் சொல்லாதே

எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா காக் சோம். கூண்டும் கையுமாக என்னைப் பார்த்தால் வாயில் விரலை வைத்துக்காட்டுவார். பொறி வைக்கும்போது தீக்குஸ் என்று பெயரைச் சொல்லக்கூடாதாம். அதற்குக் காது கேட்குமாம். கோபம் வந்தால் பீரோவுக்குள் புகுந்து நல்ல துணியாகப் பார்த்துக் கடித்துவிடுமாம். அதனால் 'சிக் தி' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். நம் பாஷையில் 'தி அம்மா' என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெயரை வாயில் எடுத்தால் ஆபத்து என்பதை நான் அப்போது சிரித்துக்கொண்டே கேட்டேன். எலியின் பெயரை ஒரு மனிதருக்கு வைத்தால் என்ன ஆகும் என்று காக் சோம் சொல்லவில்லை. அதை நானே கற்றுக்கொண்டேன்.

பிடி அரிசி

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்பார்கள். மாதக் கடைசியில் நானும் லெட்சுமியும் பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி வாங்குவோம். பொன்னி, பச்சரிசி, சியாம் அரிசி என்று எல்லா வீட்டு அரிசியும் ஒரே மூட்டையில் கலந்துகிடக்கும். பிள்ளையார் சதுர்த்தி அன்னதானத்துக்கு அந்தக் கலப்பு அரிசியில்தான் சோறு.

லெட்சுமி முதல் மாடியில் இருக்கிறாள். தொழிற்சாலை பஸ்ஸில் இருபது வருஷம் என் பக்கத்து சீட். அவள் வீட்டுக்காரர் கோவிந்தன் அண்ணன், ஒரு கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் ஸ்டோர் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அவ்வளவு சுத்தக்காரர். துடைப்பத்தையே கழுவிக் காயவைப்பார். அந்தச் சுத்தம்தான் அவருக்கு வினையாக வந்தது.

சில வருஷங்களுக்கு முந்தைய சதுர்த்தி அது. இரண்டு நாள் இருக்கும்போது ஸ்டோரைத் திறந்து பார்த்தால் பிடி அரிசியில் பாதியைக் காணோம். மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் கேட்டதற்குக் கோவிந்தன் அண்ணன் எழுந்து சாதாரணமாகச் சொன்னார்.

"எலி வாய் வச்சிருச்சு. மூட்டைக்குப் பின்பக்கம் ஓட்டை போட்டு, உள்ளயெல்லாம் புழுக்கை. அந்த அரிசிய எப்படிலா சாமிக்குப் படைக்கறது? ஆத்துல கொட்டிட்டேன். நல்லதை மட்டும் டிரம்முல போட்டு வச்சிருக்கேன்."

"யாருகிட்டயும் காட்டாமயா?"

"எச்சில் அரிசியக் கொட்டறதுக்கு என்ன கூட்டம் வேண்டிக்கிடக்கு?"

ஸ்டோர் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஓட்டை விழுந்த சாக்கையும் அவர் குப்பையில் போட்டுவிட்டார். எலி வந்துபோனதற்கு அடையாளமே இல்லை.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்த அரிசிக்காக நான் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமா? கஞ்சி குடிக்கிற வீட்டிலும் ஒரு பிடி எடுத்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்காமல் ஆற்றில் கொட்டிவிட்டேன் என்கிறாரே! அவர் கொட்டியிருக்கவே மாட்டார் என்று மனசுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன்.

"நாலு கால் எலி இவ்வளவு திங்காது. இது ரெண்டு கால் பெருச்சாளி வேலை!"

மண்டபமே சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்தக் கைதட்டல் இனித்தது. தொழிற்சங்கக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பழகியவள் நான். நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லிச் சிரிக்கவைப்பது எனக்கு ரொம்ப நாள் வியாதி.

கோவிந்தன் அண்ணன் தலைவர் இருந்த பக்கம் நடந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்வரிசையில் இருந்த லெட்சுமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

வீடு வந்து சேர்வதற்குள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் எலிப் படங்களாக வந்து விழுந்தன. ஒரு வாரத்தில் சாப்பாட்டுக் கடையில் அவர் காதுபடவே "பெருச்சாளி வர்றாரு" என்றார்களாம். கடைக்குப் போவதை அவர் நிறுத்தினார். அடுத்து கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினார். அன்னதானம் மட்டும் குறையில்லாமல் நடந்தது. அவரவர் வீட்டிலிருந்து கூடுதலாக அரிசி கொடுத்தார்கள்.

சாவி என் கையில்

ஸ்டோரை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது, "நான் பாத்துக்கறேன். என்கிட்ட ஒரு மணி அரிசி குறையாது" என்றேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். கோயிலுக்குப் பலகாரம் சுட மாவு எடுக்க மத்தியானம் ஸ்டோருக்குப் போனேன். சுவரோரம் அடுக்கியிருந்த அரிசி மூட்டையை இழுத்தேன். முன்பக்கம் நல்ல மூட்டைதான். பின்பக்கம் திருப்பியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அரிசி சரசரவென்று கொட்டியது. அதோடு கறுப்புக் கறுப்பாகப் புழுக்கையும் கொட்டியது.

அந்தச் சத்தத்தில் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு எலி பாய்ந்து சுவரோரம் ஓடியது. நன்றாகக் கொழுத்திருந்தது. வால் நுனியில் அங்கங்கே உதிர்ந்துபோன சிவப்புச் சாயம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எலிக்குப் பயந்து இல்லை. அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். என் மகள் கல்யாணத்துச் சிவப்பு. நான் பிடித்த எலி, நான் பூசிய சாயம், நான் சொன்ன இடம். பிள்ளையார் வாகனம் பிள்ளையாரிடம் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாக அனுப்பி, பிடி அரிசிக்குப் பக்கத்தில் ஒரு எலிக் குடும்பத்தையே குடிவைத்திருக்கிறேன். அது தின்றதற்கு ஒரு மனிதரை மைக் போட்டுத் திருடனாக்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ராஜுவிடம் சொன்னேன்.

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நீ சொன்னாத்தான் தெரியும்" என்றார். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. கூண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

காக் சோமிடமும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு ஒரு மலாய்ப் பழமொழி சொன்னார். பூசணிக்காயை ரிப்பேர் பண்ண எலி போன கதையாம். சரிசெய்யப் போய் இன்னும் கெடுத்து வைப்பவர்களுக்குச் சொல்வது. அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வலித்தது.

மூன்று நாள் சும்மா இருந்தேன். அந்த மூன்று நாளைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கதையில் நான் நல்லவளாகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். புது எலி என்று சொல்லிக்கொள்ளலாமா, மூட்டையை மாற்றி ஓட்டையை அடைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்றெல்லாம் யோசித்தேன். நாலாவது நாள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது, வருஷா வருஷம் முதல் ஈடு முறுக்கு லெட்சுமி வீட்டுக்குத்தான் போகும் என்பது ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

கிரில் கதவு

லெட்சுமி மரக் கதவைத் திறந்தாள். இரும்பு கிரிலைத் திறக்கவில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?"

இருபது வருஷமாக 'வாடி, போடி' என்று பேசியவள் என்னை 'உங்களுக்கு' என்றாள். கிரிலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டு, நெயில் பாலிஷ், கோயில் பின்சுவர், ஓட்டை, சிவப்பு வால். அவள் முகம் மாறவே இல்லை.

"அவரு உங்களப் பாக்கத்தான் மாட்டேங்கறாரு, ஆனா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு" என்றாள், உள்ளே கை காட்டி. உள்ளே நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. "ஆனா எங்க ரெண்டு பேருகிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அவரு திருடலன்னு எங்களுக்கு முன்னயே தெரியும். நீங்க எங்க சொன்னீங்க?"

"மண்டபத்துல."

"எதுல சொன்னீங்க?"

"மைக்குல."

"அப்ப அங்க போய்ச் சொல்லுங்க."

மரக் கதவை மூடிவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மறுபடியும் மைக்

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பூஜைக்கு நல்ல கூட்டம். தீபாராதனை முடிந்ததும், தீபாவளி பலகாரம் பற்றி அறிவிப்பு இருக்கிறது என்று பொய் சொல்லி மைக்கை வாங்கினேன். வீட்டில் ஒத்திகை பார்த்த அழகான வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

"சதுர்த்தி அரிசிய எலிதான் தின்னுச்சு. கோவிந்தன் அண்ணே சொன்னது சத்தியம். அந்த எலிங்கள இங்க கொண்டு வந்து விட்டது நான். ஒரு எலி வாலுக்கு நான் சாயம் பூசி விட்டேன், அதை ஸ்டோருக்குள்ள என் கண்ணால பாத்தேன். எலிய அனுப்பினதும் நான், அவரப் பழிச்சதும் நான். தப்பு என்னோடது."

சாயம் பூசினேன் என்றதும் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. போன தடவையை விடப் பெரிய சிரிப்பு. அப்படியே நின்று வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் எனக்கு 'எலி அக்கா' என்று பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அது காணாது, அதற்கு மேலும் வேண்டும்.

கோவிந்தன் அண்ணன் கூட்டத்தில் இல்லை. லெட்சுமி தூண் ஓரமாக நின்றிருந்தாள். நான் பேசி முடித்ததும் விபூதி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம். கோவிந்தன் அண்ணன். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே தேத்தண்ணீர் குடித்தார். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

"நீ எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியாம், லெட்சுமி சொன்னா" என்றார்.

"அண்ணே, என்னை மன்னிச்..."

"இரு. நான் ஒண்ணு சொல்லணும். அவகிட்ட கூடச் சொல்லல." கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஊரு பூரா சொல்லுதில்ல, எனக்கே சந்தேகம் வந்திருச்சு, சரோஜா. ஒரு நாள் அவ பசாருக்குப் போனப்ப எங்க வீட்டு அரிசி டின்ன எடுத்துத் தரையில கொட்டினேன். ஒருவேளை ஞாபக மறதியில கோயில் அரிசி எதையாச்சும் கொண்டாந்துட்டனான்னு. எங்கயாச்சும் கலப்பு அரிசி தெரியுதான்னு ஒவ்வொரு மணியா தள்ளித் தள்ளிப் பாத்தேன். எல்லாம் பொன்னிதான். மறுபடி அள்ளிப் போட்டுட்டேன்."

கிளாஸை என் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அதற்கு முன்னால் ரொம்பச் சின்னதாக இருந்தது. நான் அழுதேன். அவர் தர்மசங்கடமாகப் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"அழாத. இனிமே என்னைத் திட்டணும்னா வீட்டுக்கு வந்து திட்டு. மைக் வேணாம்."

அவர் படி இறங்கத் தொடங்கினார். அப்படியே போகவிட எனக்கு மனசு வரவில்லை.

"அண்ணே, மத்தியானம் சாப்பிட வாங்க. லெட்சுமியையும் கூட்டிக்கிட்டு வாங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரு வீட்டு அரிசி?"

எனக்கு ஒரு நொடி மூச்சே நின்றுவிட்டது. அப்புறம்தான் அவர் மீசை ஆடியது. நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்துவிட்டேன். அவர் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். முதல் மாடியில் கிரில் திறக்கும் சத்தமும், அவர் குரலும் மேலே வந்தன.

"லெட்சுமி, சோறு வடிக்காத. இன்னிக்கு சரோஜா வீட்டுல சாப்பாடு."

அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. நான் உள்ளே போய் நாலு பேருக்கு அரிசி எடுத்தேன்.